அம்மாவின் கல்யாண நாள்

அறுபதாம் கல்யாணத்தை நாம் குறையில்லாமல் செய்கிறோம். முடிந்தவர்கள் திருக்கடையூர் போய் அமிர்தகடேசுவரர் சந்நிதியில் செய்துகொள்கிறார்கள். எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். எல்லாவற்றுக்கும் கணக்கு கணவனின் வயதுதான். அறுபதில் அவர் பிறந்த தமிழ் வருடம் ஒரு சுற்று முடிந்து திரும்ப வருகிறது. அதற்காக மனைவி கழுத்தில் மறுபடியும் தாலி ஏறுகிறது. அவள் எத்தனை வருடம் அந்தக் குடும்பத்தைத் தாங்கினாள் என்பது அந்தக் கணக்கில் வராது. அதை எண்ணுவது கல்யாண நாள் மட்டும்தான். வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று அதைத் தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

புதுச்சேரிக்கு இது அவ்வளவு புதிதும் இல்லை. 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் கல்யாணத் தேதி காகிதத்தில் பதிவான தேதி. அதை மறக்க மாட்டார்கள். தவளக்குப்பத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் பீரோவுக்குள் இருக்கும் கல்யாணப் பத்திரிகைதான் பதிவு. அம்மா, அப்பாவின் பத்திரிகையில் 'ராட்சச வருடம் ஆவணி மாதம்' என்று இருக்கிறது. அதாவது 1975. போன ஆவணியோடு ஐம்பது வருடம்.

மண்டபம் பிடிக்கலாம் என்று தம்பி சொன்னான். நான்தான் வேண்டாம் என்றேன். மண்டபத்தில் இருவரையும் மேடையில் நிற்க வைத்துப் படம் எடுப்போம். அவர்கள் வாய் திறக்க நேரமிருக்காது. ஆனால் வீட்டில் என்றாலும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டு விசேஷம் என்றால் வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழும். தன் கல்யாண நாளுக்குத் தானே சமைத்துப் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் அம்மாக்கள் எத்தனை பேர்! அதனால் அன்று அடுப்படி ஆண்களுடையது என்று முடிவானது. நல்லவாட்டிலிருந்து மீன் வாங்கி வந்து தம்பி கழுவினான். அம்மா வாசற்படியில் நின்று, "புளி பத்தாதுடா, இன்னும் கொஞ்சம் கரைச்சு ஊத்து" என்றதோடு சரி.

சாப்பாடு முடிந்து பாயை விரித்து உட்கார்ந்த பிறகுதான் நாள் தொடங்கியது. "உங்க கல்யாணம் எப்படி நடந்துச்சு?" என்று பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். சிங்கிரிகுடி நரசிம்மர் கோயிலில் தாலி கட்டியது, மழை, யார் யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்று அப்பா சொல்லிக்கொண்டே போனார். அம்மாவுக்கு இதில் எதுவுமே நினைவில்லை. முதல் நாள் ராத்திரியிலிருந்து பசி. தாலி ஏறியதும் யாராவது சாப்பிடச் சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். அப்பா அதிர்ந்து போனார். "இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே?" "யார் கேட்டீங்க?"

பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போயிற்று. என் கல்லூரிக் கட்டணத்துக்கு அடகுக்குப் போன வளையல். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறக்க, இருவரும் கதவை முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது. "அன்னைக்குத்தான் இந்த மனுஷன் பயந்து பார்த்தேன்" என்றார் அம்மா. பிள்ளைகளான எங்களுக்கு அவர்கள் சொத்து சேர்த்த கதை தெரியும். இந்தக் கதைகள் எதுவும் தெரியாது. நேரம் ஒதுக்கி உட்கார்ந்து கேட்காத வரை யாரும் சொல்லவும் போவதில்லை.

பக்கத்து வீட்டு அத்தையையும் அம்மா கூப்பிட்டிருந்தார். மாமா போனதிலிருந்து அத்தை எந்த மங்கள காரியத்திலும் முன்னால் வருவதில்லை. அன்றும் திண்ணையோரம்தான் உட்கார்ந்தார். கணவர் போய்விட்டால் கல்யாண நாளும் போய்விட்டது என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். என் மகளுக்கு அந்த முடிவு தெரியாது. "உங்க கல்யாண நாள் எப்போ பாட்டி?" என்று கேட்டுவிட்டாள். கூடத்தில் எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்க, அத்தை உடனே சொன்னார்: "ஐப்பசி பதினொண்ணு. பாகூர் மூலநாதர் கோயில்ல." பிறகு அவர் பேசியதில் சாயங்காலம் ஆகிவிட்டது. மாமா சைக்கிளில் அவரைப் பின்னால் வைத்துக் கடலூருக்குச் சினிமாவுக்குக் கூட்டிப்போன கதையை அம்மாவே அன்றுதான் முதல்முறை கேட்டார்.

ஐப்பசி பதினொன்றுக்கு அத்தை வீட்டில் சமைப்பது என்று தம்பியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். என்ன குழம்பு என்று அத்தையிடம்தான் கேட்க வேண்டும்.