முப்பத்து மூன்று போலிகள்

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதைக்கு வந்ததும் கதை நின்றுவிடுகிறது. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் நாயகி மணிமேகலைக்குத் தருக்கப் பாடம் நடத்தத் தொடங்குகிறார். இலக்கியச் சுவைக்காக வந்தவர்கள் இங்கே பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் தருக்கத்துக்குத் தமிழில் ஒரு தொடக்கப் பாடநூல் வேண்டுமென்றால் இதையே கையில் எடுக்கலாம். பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகரின் மரபில் சங்கரசுவாமி எழுதிய 'நியாயப்பிரவேசம்' என்ற வடமொழிக் கையேட்டோடு இது வரிசையிலும் எடுத்துக்காட்டுகளிலும் பெரிதும் ஒத்துப்போகிறது.

பாடத்தின் மாதிரி வாதம் இது: மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் போல. நிறுவ வேண்டியது பக்கம், காரணம் ஏது, முன்பே தெரிந்த சான்று திட்டாந்தம். நியாய மரபினரான நையாயிகர்கள் இவற்றோடு உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவுரை) சேர்த்து ஐந்து உறுப்பு என்பார்கள். அந்த இரண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்று அடிகள் சுருக்கிவிடுகிறார்.

பாடத்தின் உயிர் ஏதுவில் இருக்கிறது. அதற்கு மூன்று சோதனைகள். புகை அந்த மலையில் உண்மையாகவே இருக்க வேண்டும். நெருப்புள்ள வேறு இடத்திலும் அதைக் கண்டிருக்க வேண்டும். நெருப்பே இல்லாத இடத்தில், நீர்நிலையில் என்று வைத்துக்கொள்வோம், அது தலைகாட்டவே கூடாது. நாம் அன்றாடம் கோட்டைவிடுவது மூன்றாவதில்தான். மருந்து சாப்பிட்டேன், மூன்று நாளில் சளி போய்விட்டது, ஆகவே மருந்துதான் தீர்த்தது என்கிறோம். மருந்தே சாப்பிடாதவருக்கும் சளி அதே காலத்தில் போகிறதா என்று கேட்பதில்லை. போகிறதென்றால் 'சளி போய்விட்டது' என்ற ஏது மருந்து உண்ட இடத்திலும் உண்ணாத இடத்திலும் நிற்கிறது. இதன் பெயர் சாதாரணம். அநைகாந்திகம் (ஒரு முடிவில் நில்லாதது) என்ற ஏதுப் போலி வகையில் முதலாவது.

சரியான வாதத்தைச் சுருக்கமாக முடித்துவிடும் ஆசிரியர், மீதி இடத்தையெல்லாம் தவறான வாதங்களுக்கே கொடுக்கிறார். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10, ஆக 33. சில பார்த்தவுடனே சிரிப்பு மூட்டும்: 'என் தாய் மலடி' என்பவன் தன் சொல்லைத் தானே மறுக்கிறான். ஆவியா பனியா என்று தெளியாமலே புகை என்று எடுத்துக்கொண்டு நெருப்பை முடிவு செய்வதும் பட்டியலில் உண்டு.

ஏதுப் போலிகளில் அசித்தம் என்ற வகைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஒலி அநித்தியம் (நிலையற்றது), ஏனென்றால் அது செய்யப்படுவது என்று ஒரு பௌத்தர் சாங்கியரிடம் வாதிடுகிறார். ஒலி செய்யப்படுவதில்லை, முன்பே உள்ளது வெளிப்படுகிறது என்பது சாங்கியரின் கொள்கை. ஆகவே அந்த ஏது அவரிடம் செல்லாது. இர்விங் கோபி 1953இல் வெளியிட்ட தருக்கப் பாடநூல் போன்றவற்றில் படித்தவர்களுக்கு இது வினோதமாகப் படும். அங்கே வாதத்தின் அமைப்பு வேறு, அடிப்படைக் கூற்றுகளின் உண்மை வேறு. எதிரே யார் என்ற கேள்வி அமைப்பைத் தொடாது. அறவண அடிகளின் பாடத்திலோ எதிராளி ஒப்பாத காரணம் காரணமே அல்ல. பொதுவான தரையைத் தேடாமல் பேச ஆரம்பித்தாலே போலி வந்துவிடுகிறது. தொலைக்காட்சி விவாதங்களைப் பார்க்கும்போது இந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

அநைகாந்திகத்தின் கடைசி வகை விருத்த வியபிசாரி. ஒலி செய்யப்படுவதால் குடம் போல அநித்தியம் என்கிறார் ஒருவர். காதால் கேட்கப்படுவதால், ஒலித்தன்மை என்ற பொதுமை போல நித்தியம் என்கிறார் மற்றவர். தனித்தனியே பார்த்தால் இரண்டு ஏதுவும் தேறுவதாகத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால் ஐயம்தான் மிஞ்சும். யார் வென்றார் என்று பாடம் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டையுமே போலிக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வகைக்குப் போய்விடுகிறது.