ஓரறிவு முதல் ஆறறிவு வரை: வேடந்தாங்கல் கரையில் ஒரு கேள்வி

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்து உள்ளது வேடந்தாங்கல். ஊருக்கும் ஊரின் பாசன ஏரிக்கும் ஒரே பெயர். தொண்டை மண்டலத்தில் சிற்றேரியைத் தாங்கல் என்பார்கள். வேடனின் தாங்கல் என்று இந்தப் பெயருக்குப் பொருள் சொல்வது வழக்கம். வேட்டைக்காரனின் பெயர் ஒட்டிக்கொண்ட அந்த ஏரியில்தான், இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக, எந்தப் பறவை மீதும் கல் விழக் கூடாது என்று ஊரார் காவல் இருந்து வருகிறார்கள்.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பியதும், நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும் வந்து கூடு கட்டும். வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, கூழைக்கடா ஆகியவையும் வந்து சேரும். மார்ச், ஏப்ரல் வரை ஏரி பறவைகளுடையது. கரைமேல் ஒரு நடைபாதையும், ஏரியைப் பார்த்தபடி ஒரு கோபுரமும் இருக்கின்றன. நிற்காமல் நடந்தால் அரை மணி நேரத்தில் பாதை முடிந்துவிடும். ஆனால் அந்தச் சிறு தூரத்துக்குள் தமிழ் அறச் சிந்தனையின் மிகப் பழைய கேள்வி ஒன்று கண்ணெதிரே கிடக்கிறது. உயிர்களுக்குள் மேல்கீழ் உண்டா? உண்டென்றால், மேலே உள்ள உயிர் கீழே உள்ளதற்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

தமிழில் இந்தக் கேள்விக்கான அடிப்படை தொல்காப்பியத்தின் மரபியலில் இருக்கிறது. புல்லும் மரமும் தொடுவதை மட்டும் அறிவதால் ஓரறிவுயிர்கள். நத்தைக்கும் சிப்பிக்கும் நாக்கும் சேர்வதால் இரண்டறிவு. கறையானுக்கும் எறும்புக்கும் மூக்கு சேர்ந்து மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் கண் சேர்ந்து நான்கு. விலங்குகளுக்குச் செவியும் சேர்ந்து ஐந்து. மனிதருக்கு மனமும் சேர்ந்து ஆறு. இந்தப் பட்டியலில் ஏறக்குறைய ஒவ்வொரு படிக்கும் உரிய உயிரை வேடந்தாங்கல் கரையில் நின்ற இடத்திலிருந்தே காட்டிவிடலாம். ஈரநிலம் அப்படிப்பட்ட இடம்: எல்லாப் படிகளும் ஒரே நீரில் கால் வைத்திருக்கும்.

மரபியல் எதற்காக எழுந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அது உயிர்களுக்கு வழங்கும் பெயர் மரபைச் சொல்லும் இயல். குட்டி, கன்று, பறழ் என்று எந்த உயிரின் இளமைக்கு எந்தச் சொல் உரியது என்றுதான் அது தொடங்குகிறது. பறவையின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்கள் அங்கே வருகின்றன. எந்த உயிரைக் கொல்லலாம், எதைக் கொல்லக் கூடாது என்ற பேச்சே அங்கு இல்லை. அறிவுகளின் எண்ணிக்கையை உயிரின் விலையாக மாற்றிக்கொண்டது பிற்காலத்து மனம்.

சமணத்திலும் இதே வரிசை இருக்கிறது; ஊறு, சுவை, நாற்றம், காட்சி, ஒலி என்று புலன்களின் ஒழுங்கும் ஒன்றுதான். வேடந்தாங்கலுக்கு மேற்கே வந்தவாசி வட்டாரத்தில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். வடக்கே காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் ஒரு காலத்தில் ஜினகாஞ்சி என்று பெயர் பெற்றது. எனவே இந்தச் சிந்தனை அந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல. ஆனால் சமணம் ஒரு படி மேலே போகிறது. செடிகொடியோடு நிற்காமல், மண், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் ஓரறிவுயிர்களின் உடலாகக் கொள்கிறது. சமணத் துறவிகள் பச்சைத் தண்ணீரைப் பருகாததற்கு இதுவே காரணம். இந்தக் கண்ணோடு பார்த்தால் ஏரி, உயிர்கள் வந்து தங்கும் வெறும் பாத்திரமாக இருக்க முடியாது. அதன் நீரும் சேறும் உயிர்க் கூட்டத்தில் சேர்த்தி. ஈரநிலத்தைப் பற்றி எந்தச் சமயமும் இதைவிட ஆழமாக ஒன்றைச் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை.

இனிப் பாதையில் ஒவ்வொரு படியாக வரலாம். நீருக்குள் மாதக்கணக்கில் நிற்பவை நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும். ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடுகள் இருக்கும். எச்சம் பட்டுப்பட்டு இலைகள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும். சில கிளைகள் அந்தக் காரத்தில் கருகியும் போகும். ஓரறிவுயிர் ஐந்தறிவுயிரைச் சுமப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

அடுத்த படியில் நத்தை. பழைய கணக்கில் அதற்கு ஊறும் சுவையும் மட்டுமே. ஆனால் நம் ஏரிகளிலும் வயல்களிலும் வாழும் பெரிய நத்தையைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். தலையில் நீண்ட உணர்கொம்புகளுக்குப் பக்கத்தில் குட்டையான இரண்டு காம்புகள். அவற்றின் நுனியில் கறுப்புப் புள்ளியாகக் கண்கள். நீரின் மணத்தை அறிய உடலுக்குள் தனி உறுப்பும் உண்டு. மூக்கும் கண்ணும் இல்லை என்று எண்ணப்பட்ட உயிருக்கு இரண்டுமே இருக்கின்றன. அதேபோல, மூன்றறிவு என்று வைக்கப்பட்ட எறும்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண் இருக்கிறது. நான்கறிவுத் தும்பியின் ஒரு கண் ஆயிரக்கணக்கான சிறு முகப்புகளால் ஆனது. வேகமான அசைவைக் காண்பதில் மனிதர் அதன் அருகில் நிற்க முடியாது.

இதைத் தொல்காப்பியத்தின் குறையாகச் சொல்வதில் பயன் இல்லை. வெறும் கண்ணால் பார்த்து உயிருலகம் முழுவதையும் ஓர் ஒழுங்கில் வைத்த முயற்சி அது. ஆனால் படிவரிசையை அறத்துக்கு அளவுகோலாக எடுப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. நத்தைக்கு என்ன தெரியும் என்று மனிதர் போட்ட கணக்கு, உண்மையைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. நுணுகிப் பார்க்கப் பார்க்க, கீழே வைத்த உயிர் மேலேறி வருகிறது. தப்பாக எண்ணியிருக்கக்கூடிய ஒன்றை வைத்து ஓர் உயிரின் உரிமையைத் தீர்மானிப்பது நியாயமாகாது.

அந்த நத்தையைத் தின்றுதான் நத்தைகுத்தி நாரை வாழ்கிறது. அதன் அலகு முழுதும் மூடாது. மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். பார்ப்பு பிறக்கும்போது அந்த இடைவெளி இருப்பதில்லை; வளரும்போதுதான் தோன்றுகிறது. நாரை ஆழமில்லாத நீரில் அலகால் துழாவி நத்தையைப் பிடிக்கிறது. ஓட்டை உடைப்பதில்லை. கீழ் அலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செருகி, ஓட்டோடு உடலைப் பிணைக்கும் தசையை அறுத்துச் சதையை மட்டும் உருவி எடுக்கிறது. தசை தளர்ந்ததும் நத்தை மொத்தமாக வெளியே வந்துவிடும். வெற்றோடு சேதமில்லாமல் சேற்றில் விழும்.

இங்கே கேள்வி கூர்மையாகிறது. கொலை பாவம் என்றால், இந்தக் கொலையும் பாவமா? உயிரிரக்கம் கொண்டவர் நத்தையைக் காப்பாற்ற வேண்டுமா, நாரையின் பார்ப்பைப் பட்டினியிலிருந்து காப்பாற்ற வேண்டுமா?

சமணம் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வெறும் உயிரிழப்பு என்று வரையறுக்கவில்லை. விழிப்பற்ற, பற்றுமிக்க மனநிலையில் பிற உயிரைப் போக்குவதே இம்சை என்கிறது. எடை முழுவதும் செய்பவரின் அகத்தில் விழுகிறது. ஆனால் ஐந்தறிவு விலங்குகளில் மனமுள்ளவை உண்டு என்றும், அவையும் வினையின் பிடியில் உள்ளவை என்றும் சமணம் கொள்வதால், நாரை முற்றிலும் விடுபட்டுவிடுவதில்லை. இந்தச் சிக்கலை மூடி மறைக்காமல் அப்படியே விட்டிருப்பது சமணத்தின் நேர்மை.

வள்ளுவர் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் துறவறவியலில் வைத்திருக்கிறார். அங்கே பேசப்படுவது தன் கையையும் தன் வாயையும் கட்டுவது. உலகத்தில் ஓர் உயிர் இன்னோர் உயிரைத் தின்னாமல் காவல் நிற்பது அதன் வேலை இல்லை. கொல்லாமை என்ற சொல்லே அதைக் காட்டுகிறது. ஒவ்வொரு நத்தையையும் காக்கப் புறப்படுபவர் கடைசியில் ஒவ்வொரு கூட்டையும் பட்டினி போட வேண்டியிருக்கும்.

வள்ளலார் அறிவுகளின் வரிசையை வேறு வகையில் பயன்படுத்தினார். செடிகளுக்கும் உயிர் உண்டே, அவற்றை உண்பது மட்டும் எப்படிக் கொலையாகாமல் போகும் என்ற வாதத்தை அவர் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற தம் உரைநடை நூலில் நேராகவே எடுத்துக்கொள்கிறார். தாவரங்களில் உயிரின் விளக்கம் ஒரு பகுதியே என்றும், காய், கனி, இலை, வித்து போன்றவற்றைக் கொள்வது நகத்தையும் மயிரையும் களைவதை ஒத்தது என்றும் விடை சொல்கிறார். வடலூரில் 1867-ல் அவர் தொடங்கிய தருமச்சாலைக்குப் பின்னால் நிற்பதும் இதே அக்கறைதான்: பசியைத் தீர்க்க வேண்டும், ஆனால் இன்னோர் உயிரின் துன்பத்தில் அல்ல. படிவரிசை அவர் கையில் குறைந்த தீங்கைத் தேடும் கருவியாக இருக்கிறது. சமண இல்லறத்தாரின் நோன்பும் அப்படியே: ஓரறிவுயிருக்குத் தீங்கு செய்யாமல் வாழ முடியாது என்பதால், அதற்கு மேற்பட்டவற்றையாவது விட்டுவிடு என்பது அதன் போக்கு. வரிசையை வைத்துக் கொல்ல உரிமை தேடுபவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

வேடந்தாங்கல் ஊரார் நூல் படித்துப் பறவைகளைக் காக்கும் முடிவுக்கு வந்ததாகச் சொல்ல முடியாது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு வழங்கும் கவுல், அதாவது எழுத்துமூல உறுதி, 1798-ல் கிடைத்தது. 1936-ல் ஏரி சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. முறையீட்டுக்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும்.

அப்படியானால் இது அருளா, ஆதாயமா? பலன் கருதிய அறம் அறமே இல்லை என்ற கண்டிப்பான பார்வை நம் மரபில் உண்டு. அந்த அளவுகோலை இங்கே வைப்பது பொருந்தாது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்பது உயிரின் இயல்பு என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. மரம் கூட்டைச் சுமக்கிறது, எச்சம் நீரில் கரைகிறது, நீர் நெல்லுக்குப் போகிறது. இந்தச் சங்கிலியில் மனிதரும் ஒரு கண்ணி என்று ஒப்புக்கொள்வதைச் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. அதோடு, ஆதாயத்தால் மட்டும் விளக்க முடியாத இடங்களும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டில் இருக்கும் பார்ப்பு திடுக்கிட்டு விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, ஊர்க் குழந்தைகள் ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகிழ்ச்சியை விட்டுக்கொடுக்கிறார்கள். எந்த உரக் கணக்கிலும் அது அடங்காது.

ஆறாவது அறிவான மனம் வேலை செய்வது அங்கேதான். தான் கேட்கும் சத்தம் இன்னோர் உயிரின் செவியில் எப்படி விழும் என்று எண்ணிப் பார்ப்பதற்கு மனம் வேண்டும். அது மனிதருக்கு மட்டுமே உரியது என்றும் தொல்காப்பியம் மூடிவிடவில்லை. விலங்குகளில் சிலவற்றுக்கும் அது உண்டென்று கொள்ளும் நூற்பாவும் மரபியலில் இருக்கிறது. படிகளுக்கு இடையே சுவர் இல்லை என்பதைப் பழைய ஆசிரியர்களே உணர்ந்திருந்தார்கள்.

அந்த எண்ணிப் பார்த்தல் கரையோடு நின்றுவிடவும் முடியாது. பறவைகள் ஏரியில் தூங்குகின்றன, கூடு கட்டுகின்றன. இரைக்குச் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் போகின்றன. அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை விரிக்கப்பட்டது. அந்த எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு 2020-ல் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. கூட்டை மட்டும் காத்து வயலைக் கைவிட்டால், நாரைக்கு நத்தை கிடைக்காது. நத்தையைக் காப்பது என்பதற்கு இங்கே ஒரு பொருள் உண்டென்றால், அது வாழும் சேற்றை நஞ்சில்லாமல் வைத்திருப்பதுதான்.

கோடையில் ஏரி வற்றத் தொடங்கும். பறக்கக் கற்ற பார்ப்புகளோடு நாரைகள் போய்விடும். எச்சம் படிந்த மரங்கள் வெறும் கூடுகளோடு நிற்கும். மீந்த நத்தைகள் ஈரம் இருக்கும் ஆழத்துக்குச் சேற்றில் இறங்கி, மூடியை இறுகச் சாத்திக்கொண்டு, அசைவில்லாமல் கிடக்கும். மேலே மண் வெடிக்கும். ஐப்பசியில் முதல் தண்ணீர் உள்ளே இறங்கும்போது அவை மூடியைத் திறக்கும். சில நாட்களில் நீர்க்கடம்பின் மேல் முதல் நாரை வந்து உட்காரும்.