உவமையும் கடனும்

உவமைக்கும் பொருளுக்கும் இடையே ஒப்புமை வேண்டும், வேற்றுமையும் வேண்டும். முகத்தை நிலவுக்கு ஒப்பிடுபவன் அம்முகத்திலே தேய்பிறையைத் தேடுவதில்லை. வகுப்பறையிலே நாம் கற்பிக்கும் இவ்வெளிய உண்மை, விஞ்ஞான ஆய்வுகூடத்தின் வாயிலில் ஓர் அறவினாவாக எழுந்து நிற்கின்றது.

2020ஆம் ஆண்டில் மட்டும் பெருங்குடல், நேர்குடற் புற்றுநோய்களுக்கு உலகில் 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பலியாயினர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களுட் பெரும்பாலாரைக் கொன்றது குடலில் முளைத்த கட்டியன்று, அதன் பரவலே. குடலின் குருதி வாயினாளத்தின் வழியே ஈரலை அடைவதால், கட்டியினின்று பிரியும் புற்றுக்கலங்கள் பெரிதும் அங்கேயே குடியேறுகின்றன. நோயாளியின் உடலில் நோயைப் பரவவிட்டுப் பார்த்திருப்பது கொடுமை. ஆகவே, ஆய்வாளர் நோய்க்கு உவமைகளைப் படைக்கின்றனர்.

1969இல் டென்மார்க்கிலே ரைகார்ட், பொவ்ல்சன் என்னும் இருவர், தைமசுச் சுரப்பியற்ற எலியின் உடலில் மனிதப் பெருங்குடற் புற்றினை வளர்த்துக் காட்டினர். அந்நியக் கலத்தை எதிர்க்கும் ஆற்றல் அவ்வெலிக்கு இல்லை. அதனாலேயே புற்று அங்கு வளர்ந்தது. ஆனால், மனித உடலிலே புற்றோடு போராடுவது அவ்வாற்றலன்றோ? எலியின் மண்ணீரலிற் புற்றுக்கலங்களை ஊசியால் ஏற்றினால் அவை ஈரலைச் சென்றடையும். எனினும், குடற்சுவரைத் துளைத்து வெளியேறும் முதற்படியை அம்முறை காட்டுவதில்லை. 1990இல் அறிவிக்கப்பட்ட மரபுமாற்ற எலியிலோ கட்டிகள் பெரும்பாலும் சிறுகுடலில் தோன்றுகின்றன. அவை பிற உறுப்புகளுக்குப் பரவுவதும் அரிது.

உவமை குறையுடையது என்பது குற்றமன்று. வேற்றுமையை ஒழித்து இரண்டும் ஒன்றே எனச் சொல்வது உருவகம். கவிதையில் அது அணி. ஆய்வுகூடத்தில் அது பொய். எலியைக் குணமாக்கிய மருந்து மனிதனையும் குணமாக்கிவிட்டது போல முழங்கும்போது, ஏமாறுபவன் மரணப் படுக்கையிற் கிடக்கும் ஏழை நோயாளியே.

மனிதர் மடிகையில் எலிக்கு இரங்குவதா என நம்மைக் கேட்போர் உளர். ஆராய்ச்சியை நிறுத்துக என நாம் கூறவில்லை. விலங்குக்கு மாற்றுத் தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என இங்கிலாந்தின் ரசலும் பேர்ச்சும் 1959இலேயே வகுத்துரைத்தனர். 2009இல் நெதர்லாந்திலே கிளெவர்சின் குழுவினர் எலிக்குடலின் ஒரே குருத்துக்கலத்திலிருந்து குறுங்குடல் அமைப்பை வளர்த்தமை மாற்றுக்கு வழி திறந்தது. குருதியோட்டமற்ற அதுவும் உவமையே. ஆயினும், பயனற்ற பரிசோதனையிலே ஓருயிரை வதைப்பது விஞ்ஞானமாகாது.

இன்னொரு கடனும் உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலே, ஏறத்தாழ ஐம்பது வயதான ஒருவரின் குடற்கட்டியிலிருந்து ஒரு கலவழியும், பின்னர் நோய் பரவிய அவரது நிணநீர்க் கணுவிலிருந்து மற்றொன்றும் பெறப்பட்டன. எஸ்டபிள்யூ 480, எஸ்டபிள்யூ 620 என 1976இல் அறிவிக்கப்பட்ட அவை, பரவுமுன்னும் பரவியபின்னும் ஒரே மனிதனின் புற்று எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை ஒப்பிட உதவுகின்றன. ஏறத்தாழ ஐம்பதாண்டுகளாக நாடு நாடாக அவை பெருகி வளர்கின்றன. விலைப்பட்டியலிலே பண்டமாகவும் இடம்பெறுகின்றன. அம்மனிதரின் பெயரை உலகம் அறியாது. அறியாதிருப்பதே முறை. ஆனால், பெயரை மறைப்பது வேறு. கடனை மறப்பது வேறு.

பெயரறியா மனிதன் தந்த உடலின் மீதும், பேச இயலா உயிர்கள் பட்ட துன்பத்தின் மீதும் எழுந்த அறிவு தனியொருவரின் சொத்தாகுமா? பலரின் உழைப்பால் விளைந்த நெல்லைச் சிலர் மட்டும் களஞ்சியத்திற் பூட்டி வைப்பதை அநீதி என்கிறோம். பலரின் நோவால் விளைந்த மருந்துக்கும் அந்நீதியே பொருந்தும். அது வறியவனின் கைக்கும் எட்டும் நாளிலேதான் அக்கடன் தீரும்.