எழுபது வயது யாருக்கு?

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. நகரமும் போதனா வைத்தியசாலையும் எழுவான்கரையில். நெல் விளையும் பெருநிலம் படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் வாவியைக் கடந்தது பாதையில்தான். பாதை என்றால் இங்கே தெருவல்ல. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.

படுவான்கரை மண்டூரிலிருந்து மாதக் கிளினிக்குக்குப் புறப்படும் ஒரு மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். பிரசர், சீனி வருத்தம் இரண்டும் உண்டு. வாவியைக் கடந்து குருமண்வெளித் துறைக்கு வந்து, அங்கிருந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விடியுமுன் எழும்பி, கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் செருகிக்கொள்வார். மருத்துவம் இலவசம். ஆனால் போக்குவரத்து இலவசமில்லை. கூட்டிவரும் மகளின் ஒருநாள் கூலியும் போய்விடும். ஒரு குளிசை வைத்தியசாலையில் இல்லையென்று துண்டு எழுதித் தந்தால் வெளியே பாமசியில் காசு கொடுக்க வேண்டும். அதனால் குளிசையைப் பாதியாக உடைத்து, ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். சொற்படி மருந்து குடிக்கவில்லை என்று அவர்களைத்தான் ஏசுகிறோம்.

வைத்தியசாலைக் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தால் நீதி நிறைவேறிவிட்டதா? 1967இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு இதற்குப் பதில் தந்தது. ஆராயப்பட்டவர்கள் அரச ஊழியர்கள். இலவச மருத்துவம் எல்லோருக்கும் இருந்தது. அப்படியிருந்தும் பதவிப்படி இறங்க இறங்க இதய நோயால் சாவோர் கூடினார்கள். உலக சுகாதார நிறுவன ஆணைக்குழுவின் 2008 அறிக்கை கிளாஸ்கோ நகரை எடுத்துக்காட்டியது. அங்கே வறிய கால்ட்டன் பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 54 வயது, சற்றுத் தொலைவில் வசதியான லென்சியில் 82.

வாவிக்கரையில் இதை விளங்கிக்கொள்ள ஆய்வு தேவையில்லை. நாற்பது வருடம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிந்தவரின் தோளைத் தொட்டுப் பார்த்தால் போதும். களை பிடுங்கவும் வெள்ளாமை வெட்டவும் குனிந்து குனிந்து நாரி நிமிராமல் போன பெண்கள், பெரும்பாலும் ஆண்களை விடக் குறைந்த கூலிக்கே குனிந்தார்கள். இடையில் போர் வந்தது, 2004இல் சுனாமி வந்தது. 2022இல் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோது முதலில் சுருங்கியது இவர்களின் கோப்பைதான்.

வெற்றிலை, புகையிலை, கசிப்பு என்று அவர்களே தேடிக்கொண்ட நோய் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பழக்கங்கள் கொல்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் வெறுவயிற்றோடு மத்தியானம்வரை வயலில் நிற்கிறவருக்குப் பசியை மறக்க ஒரு வாய் புகையிலைதான் மலிவாகக் கிடைத்தது. அதைத் தெரிவு என்று சொல்லி முழுப் பழியையும் அவர் தலையில் வைப்பது அறமாகாது. பிள்ளைகள் பார்க்கட்டும் என்பதும் பாதி நியாயமே. அந்தப் பிள்ளைகளும் அதே கூலியில்தான் இருக்கிறார்கள்.

அநீதி பச்சையாகத் தெரிவது வயதுக் கணக்கில். மேசையில் வேலை செய்த அரச உத்தியோகத்தர் 60 வயதில் ஓய்வூதியத்தோடு வீடு போகிறார். அது அவருடைய உரிமை. அதில் கை வைக்கச் சொல்லவில்லை. விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. பிறர் வயலில் நாட்கூலிக்கு இறங்கியவர்களோ பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே நின்றார்கள். வறிய முதியோருக்கென்று அரசு தரும் கொடுப்பனவுக்கு 70 வயது நிரம்ப வேண்டும். முதலில் தேய்கிற உடலைத்தான் பத்து வருடம் கூடுதலாகக் காத்திருக்கச் சொல்கிறோம்.

இது தருமம் கேட்கும் பேச்சல்ல. அந்த உடல்கள் தேய்ந்ததால்தான் இரு கரையிலும் சோறு வெந்தது. கொடுக்க வேண்டியது கடன். உடலுழைப்பில் வாழ்ந்தவர்களுக்கு அந்த 70ஐ 60 ஆக்க வேண்டும். சீனிக்கும் பிரசருக்குமான குளிசைகள் வாவியைக் கடந்து படுவான்கரைக் கிராமங்களுக்கே மாதந்தோறும் போய்ச் சேர வேண்டும். 69 வயதில் இறந்தவருக்கு நிலுவை கொடுக்க எந்தக் கந்தோரிலும் படிவம் இல்லை.