விலக வேண்டியவர் யார்?

காசி நகரின் குறுகிய வீதி ஒன்றில் ஆதிசங்கரர் தம் சீடர்களோடு சென்றுகொண்டிருந்தார். எதிரே ஒரு சண்டாளர் வந்தார். அவரை விலகி நிற்கும்படி சொன்னபோது, விலக வேண்டியது உடலா, அதனுள் ஒளிரும் உணர்வா என்று அவர் திருப்பிக் கேட்டதாக மரபு கூறுகிறது. உடல் என்றால் இரு உடல்களும் ஒரே உணவால் ஆனவை. உணர்வு என்றால் அது எங்கும் நிறைந்தது, விலக அதற்கு இடமேது? சங்கரர் அந்தக் கணமே அவரைக் குருவாக ஏற்று வணங்கினார். மனீஷா பஞ்சகம் பிறந்தது அப்போதுதான் என்பர்.

வந்தவர் விசுவநாதரே என்று முடித்துவிட்டுச் செல்வது உபந்நியாச வழக்கம். அப்படி முடிக்கும்போது கதையின் கூர்மையான பகுதி மழுங்கிப்போகிறது. அத்வைதத்தை உலகுக்கு உரைத்த ஆசாரியருக்கே, வீதியில் அதை நினைவூட்ட வேறொருவர் தேவைப்பட்டார். நினைவூட்டியவரோ விலகச் சொல்லப்பட்டவர். அறிவில் ஒருமை நிலைத்திருந்தும் நாவில் பழக்கமே முந்திக்கொண்டது. அதைத் திருத்தும் கேள்வி உள்ளே நிற்பவரிடமிருந்து எழவில்லை.

இன்றைய கல்லூரி வளாகங்களில் எழும் ஒரு விவாதத்துக்கு இக்கதை நேரடியாகப் பொருந்துகிறது. தலைமுறையில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவர்கள், ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள், உடற்குறை உடையவர்கள், வீட்டு மொழி ஒன்றும் வகுப்பு மொழி வேறொன்றுமாக இருப்பவர்கள் எனப் பலருக்கும் ஆதரவுக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன. அனைவரும் கலந்துகொள்ளும் விழாக்களும் நடத்தப்படுகின்றன. உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-ஆம் ஆண்டில் விதிகளை வெளியிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆயினும் ஆன்மிக நாட்டமுள்ள நல்லவர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கின்றனர். ஆன்மாவில் பேதமில்லை எனும்போது மாணவரைக் குழு குழுவாகப் பிரிப்பானேன்? பேதத்தைப் பேசிப் பேசியே அதை வளர்ப்பதாகாதா?

இக்கேள்வியைக் காழ்ப்பு என்று தள்ளிவிட முடியாது. ஒருமையை உண்மையாகவே விரும்புவோரும் இதைக் கேட்கின்றனர். விடையை நூலில் தேடுவதைவிட, ஒதுக்கப்பட்டோர் கூடி வாழ்ந்து காட்டிய ஓர் ஊரில் தேடுவது பயன் தரும்.

கருநாடகத்தின் கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் நவீன முறையில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே குடிபெயர்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமையிலிருந்து தப்பி வந்த உழைப்பாளிகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3000 மீட்டருக்கும் மேல் ஆழம் இறங்கியது. பாறை வெடித்துச் சிதறும் ஆபத்தும் நுரையீரலை அரிக்கும் தூசியும் அங்கே அன்றாட வாழ்வின் பகுதிகள். 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. வெள்ளை அதிகாரிகளுக்குப் பங்களாவும் கிளப்பும் இருந்தன. தோண்டியவர்களுக்கு லயன் வீடுகள்.

அந்த லயன்களில்தான் வியக்கத்தக்க ஒன்று நிகழ்ந்தது. அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் தோன்றின. 1907-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ வார இதழைத் தங்கவயல் தொழிலாளர் ஆர்வத்துடன் படித்தனர். 1914-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின், 1926 முதல் அவ்விதழ் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்துக் காத்ததும் அவ்வூரின் சித்தார்த்தா புத்தகசாலையே. பாறையைப் பிளந்த கைகள் மாலையில் ஏடு பிடித்தன. கூடிப் படிப்பது, கூடி வாதிடுவது, துயர் வந்தபோது ஒருவரையொருவர் தாங்குவது ஆகியவற்றை அவர்களே அமைத்துக்கொண்டனர். இன்று வளாகங்களில் ஆதரவுக் குழு என்று அழைக்கப்படுவதன் முன்னோடி இதுவே என்றால் மிகையாகாது.

அவர்கள் ஏன் தனியே கூடினர்? பொதுவான இடம் என்று சொல்லப்பட்டவை எல்லாம் அவர்களுக்குப் பொதுவாக இல்லை என்பதே காரணம். கோயில் வாயில்கள் மூடியிருந்தன, கிணறுகள் மூடியிருந்தன. வேறொரு சமய நெறியை அவர்கள் நாடியதைக் குறையாகப் பேசும் இந்து அன்பர்கள், தங்கள் வாயில் அப்போது எவ்வாறு இருந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருமையை முதலில் உடைத்தது சங்கம் அன்று.

கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குத் தமிழகத்தின் ஒரு கல்விக்கூடமே சான்று. லண்டனில் சட்டம் பயின்று, விடுதலை வேட்கையால் அனைத்தையும் துறந்த வ.வே.சு. ஐயர், தேசியக் கல்விக்கென 1922-ஆம் ஆண்டில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். சேரன்மாதேவியில் தாமிரபரணிக் கரையில் அது வளர்ந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து பயின்றனர். ஐயர் தம்மளவில் பேதம் பாராட்டாதவர். ஆனால் பெற்றோர் விருப்பத்துக்கு இணங்கிப் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டது. அது வெளியே தெரிந்தபோது, வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கடுமையாக எதிர்த்தனர். 1925-ஆம் ஆண்டில் காந்தியடிகள் வரை விவகாரம் சென்றது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காக்க முயன்று உயிர் நீத்தார். குருகுலமும் நீடிக்கவில்லை.

இருவர்தானே என்று அக்காலத்தில் சமாதானம் சொன்னவர்கள் உண்டு. ஒதுங்கி உண்டவர்கள் இருவரே ஆயினும், தொடத்தகாதவர் என்ற செய்தி சென்று சேர்ந்தது எஞ்சிய ஒவ்வொரு பிள்ளையின் இலைக்கும். வகுப்பில் ஒன்றாக அமர்ந்து கற்ற பாடம் அனைத்தையும் பந்தி அழித்துவிட்டது. நடத்தியவரின் தூய உள்ளமும் அதைத் தடுக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் ஒருமை அதன் தலைவருடைய மனத்தில் இருந்தால் போதாது. சமையற்கட்டின் ஒழுங்கிலும் அது இருந்தாக வேண்டும்.

வேதாந்தம் பாரமார்த்திகம், வியாவகாரிகம் என இரு நிலைகளைப் பிரித்துப் பேசுகிறது. பசியும் அவமானமும் வியாவகாரிகத்தில் நிகழ்கின்றன. அவற்றுக்கு அங்கேயே விடை காண வேண்டும். தன் துன்பத்தைக் குறித்து ஒருவர், இது ஆன்மாவைத் தொடவில்லை என்று சொன்னால் அவர் ஞானி. பிறர் துன்பத்தைக் குறித்து அதையே சொன்னால் அவரை என்னவென்று அழைப்பது? அன்னை சாரதாதேவி இவ்வகையில் தயங்கியதில்லை. ஜயராம்பாடியில் அம்ஜத் என்ற இஸ்லாமியருக்கு உறவுப் பெண் எட்ட நின்று உணவை வீசிப் பரிமாறியபோது, அன்னை அவளைக் கடிந்து, தாமே பரிமாறினார். அவர் உண்ட இடத்தையும் தாமே சுத்தம் செய்தார். அங்கே தத்துவ விளக்கம் எதுவும் நடைபெறவில்லை.

ஆதரவுக் குழுக்களில் ஆபத்தே இல்லை என்பதும் சரியன்று. காயத்தைப் பேசக் கூடியவர்கள் காயத்தையே அடையாளமாகச் சூடிக்கொள்ளக் கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து, நிருவாகம் ஒரு குழுவை அமைத்துப் பலகை மாட்டிவிட்டு, பொதுக்கூடத்தைப் பழையபடியே வைத்துக்கொள்வது. அப்போது சிறிய அறை, பெரிய கூடத்தின் மனச்சாட்சிக்குத் தூக்க மருந்தாகிவிடும். திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியதைப் பெருமையோடு சொல்லும் தமிழுலகம், தில்லையில் அவர் நெருப்பில் இறங்க நேர்ந்ததை விரைந்து கடந்துவிடுகிறது. கல் நந்தி விலகிய பிறகும் மனிதர் விலகவில்லை.

விலகுதல் என்பது நடைமுறையில் மிகச் சிறிய காரியங்களாகவே இருக்கும். சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்ட பின், தங்கவயலிலிருந்து பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுவோர் பெருகினர். அத்தகைய குடும்பத்திலிருந்து வரும் மாணவிக்குக் கல்லூரி விழா எத்தனை மணிக்கு முடிகிறது என்பதே அழைப்பிதழின் முக்கியமான வரி. கடைசி ரயிலுக்குப் பின் நீளும் ‘அனைவருக்குமான’ விழா அவளுக்கானது அன்று. மேடைக்குச் சாய்தளம் இல்லையேல், சக்கர நாற்காலியில் வருபவர் கைதட்ட மட்டுமே அழைக்கப்பட்டவர். சமத்துவப் பொங்கல் வைக்கும்போது பானையை யார் இறக்குகிறார், எச்சில் இலையை யார் எடுக்கிறார் என்பதைக் கவனித்தால், விழா மலரின் நிழற்படங்கள் காட்டாதது தெரியவரும்.

ஆதரவுக் குழுவில் வந்து அமரும் பேராசிரியருக்கும் ஒரு சிரமம் உண்டு. கற்பித்தே பழகிய நாவுக்கு, கேட்டுக்கொண்டிருப்பது எளிதன்று. முதலாண்டு மாணவன் ஒருவன் விடுதியில் தன் தட்டு தனியே வைக்கப்படுவதைத் திக்கித் திக்கிச் சொல்லத் தொடங்கும்போது, எல்லாம் ஒன்றே என்று இடைமறித்து ஆறுதல் கூறத் தோன்றும். அவன் சொல்லி முடிக்கும் வரை அவர் காத்திருக்கலாம். பிறகு விடுதிச் சமையற்கட்டுக்குச் சென்று அந்தத் தட்டைப் பார்க்கலாம். வேதாந்த விரிவுரைக்கு வேறு ஒரு நாள் குறித்துக்கொள்ளலாம்.