சாப்பாடு மாறவில்லை

சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலை இருந்தது. 1928 முதல் 1930 வரை அங்கே ஏறத்தாழ 21,000 தொழிலாளரைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். முதலில் பேட்டி கண்டவர்கள் கேள்விப் பட்டியலோடுதான் உட்கார்ந்தார்கள். வந்தவர்களோ பட்டியலில் இல்லாததையே பேசினார்கள். பட்டியலை ஓரங்கட்டிவிட்டு அவரவர் போக்கில் விட்டதும், அரைமணிப் பேட்டி ஒன்றரை மணி வரை நீண்டது. குறுக்கே பேசாதே, புத்தி சொல்லாதே, வாதாடாதே என்று இன்றைய மேலாளர் பயிற்சிகளில் சொல்லித்தருவதில் பெரும்பகுதி அங்கே பழகிப் பார்த்ததுதான்.

அந்த ஆய்வோடு நெருங்கிய தொடர்புடைய எல்டன் மேயோ ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஆலை உணவகத்தின் சாப்பாட்டைப் பற்றி ஒரு தொழிலாளி பொரிந்து தள்ளினார். சில நாள் கழித்து, பேட்டி கண்டவரிடம், சாப்பாடு இப்போது எவ்வளவோ தேவலை, மேலே சொல்லிச் சரிசெய்ததற்கு நன்றி என்றார். சமையலில் எதுவுமே மாறியிருக்கவில்லை.

கொட்டித் தீர்த்ததிலேயே குறை கரைந்துவிட்டது என்பது மேயோவின் விளக்கம். இருக்கலாம். ஆனால் செய்யாத வேலைக்கு வந்த நன்றியை என்ன செய்வது? பேட்டி கண்டவர் ‘நான் எதுவும் செய்யவில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வாங்கிக்கொண்டால் அது பிறர் பணத்தைப் பையில் போட்டுக்கொள்வதுதான்.

மனம்விட்டுப் பேசுவதே ஒரு மருந்து, எல்லாக் குறையையும் எந்த மேலாளரால் தீர்க்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நண்பரிடம் புலம்பும்போது யாரும் தீர்வு எதிர்பார்ப்பதில்லை. மேலாளர் அந்த இடத்தில் இல்லை. குறையைத் தீர்க்கக்கூடிய தரப்பின் ஆள் அவர். புலம்பல் அடங்கினால் லாபமும் அந்தத் தரப்புக்கே. 1936-இல் ஹாதோர்னில் புலம்பலைக் கேட்பதற்கென்றே ஆலோசகர்களை அமர்த்தினார்கள். எதையும் மாற்றும் அதிகாரம் மட்டும் அவர்களுக்குத் தரப்படவில்லை.

இன்று ஓர் ஊழியர் மேலாளரிடம் வந்து சொல்கிறார்: “சார், அம்மாவைக் காலையில டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். நைட் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம்.” மேலாளர் போனைக் கவிழ்த்து வைக்கிறார், கண்ணைப் பார்க்கிறார், சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறார். கடைசியில், “பார்க்கலாம்பா.” இந்த மாத ஷிஃப்ட் பட்டியலில் அவர் கையெழுத்துப் போட்டது நேற்று. பயிற்சி வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். எடுத்தெறிந்து ‘முடியாது’ என்கிற முசுடு இவரைவிட மேல். ஊழியர் அன்றைக்கே வேறு வழி தேடுவார்.

1957-இல் கார்ல் ரோஜர்சும் ரிச்சர்ட் ஃபார்சனும் இந்த வகைக் கேட்டலைப் பற்றிச் சிறு நூல் எழுதியபோது, கேட்பவர் தானே மாறிப்போகும் ஆபத்து இதில் உண்டு என்று எச்சரித்தார்கள். பயிற்சி வகுப்புகள் தலையாட்டலை எடுத்துக்கொண்டு ஆபத்தை விட்டுவிட்டன. மேலாளர் அந்த ஆபத்துக்குத் தயாரில்லை என்றால், ஊழியர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடலாம்: “இந்த மாசப் பட்டியல் போயாச்சு. அடுத்த மாசத்துக்கு எழுதிக் கொடுங்க, மேலே அனுப்புறேன். கிடைக்காமலும் போகலாம்.” இப்படிச் சொல்பவருக்கு நல்ல பெயர் கிடைக்காது. ஊழியருக்கு, ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் தேட ஒரு மாதம் கிடைக்கும்.