யார் பங்குக்கு இருட்டு?

1996 மே 25ஆம் திகதி இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டன. மழை பொய்த்த காலம் அது. நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த நாடு மின்வெட்டில் தவித்தது. மாலை வெளிச்சம் நீடித்தால் வீடுகளில் விளக்கு போடும் நேரம் குறையும் என்பது அரசின் கணக்கு. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்வாங்கினார்கள். மிஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே இருந்துவிட்டது. இடையில் 2001இல் மறுபடியும் வறட்சி வந்தது, மின்வெட்டும் வந்தது. புதிய நேரம் அதைத் தடுத்துவிடவில்லை.

இப்படிச் செய்ய ஓர் அரசுக்கு உரிமை உண்டா? இல்லை என்பவர்கள் வழக்கமாக முன்வைக்கும் வாதம், சூரியன் காட்டும் நேரத்தில் மனிதன் கை வைக்கக் கூடாது என்பது. கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் நிற்காது. சூரியன் கொழும்புக்குக் கொடுத்த நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் முந்தியது. 1906இல் அதைக் கைவிட்டு ஐந்தரை மணித்தியாலக் கணக்குக்கு மாறியபோதே பத்து நிமிடத்துக்கு மேல் மனிதன் கை வைத்தாயிற்று. ‘பழைய நேரம்’ என்று மக்கள் உரிமையோடு சொன்னதும் ஒரு காலத்தில் புதிய நேரம்தான். கடிகாரம் ஊர் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாட்டை ஊர் மாற்றலாம். அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதில்தான் அறம் நுழைகிறது.

லண்டனில் கோடையின் நெடும்பகலுக்கும் குளிர்காலத்தின் குறும்பகலுக்கும் ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம் வித்தியாசம். எல்லோரும் உறங்கும் வேளையில் வீணாகும் வெளிச்சம் அங்கே உண்மையிலேயே இருக்கிறது. அதை மாலைக்கு நகர்த்துவதில் பொருள் உண்டு. கொழும்பில் அந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. சேமிக்க உபரி வெளிச்சம் கிடையாது. மாலைக்குக் கொடுப்பதெல்லாம் காலையிலிருந்து பிடுங்கியதே.

காலையை யார் வைத்திருந்தார்கள்? 2000களின் முற்பாதியில், ஜனவரிக் கடைசியில் கொழும்பில் சூரியன் உதிக்கும்போது மணி ஏழை நெருங்கிவிடும். ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலைக்குத் தொலைவிலிருந்து வரும் பிள்ளை ஆறு மணிக்கே பாடசாலை வானுக்காக வீதியில் நிற்க வேண்டும், கும்மிருட்டில். அந்தப் பிள்ளைக்குச் சோறு கட்டித் தர அதற்கும் முன்னால் ஒரு பெண் எழுந்திருக்க வேண்டும். மலையகத்து லயங்களில் சமைத்து முடித்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு ஓடுகிற தாய்க்கும் இதே கதைதான். தன் வேலை நேரத்தைத் தானே தீர்மானிப்பவருக்குக் கடிகாரம் எப்படித் திரும்பினாலும் கவலையில்லை, கடையைக் கொஞ்சம் பிந்தித் திறந்துகொள்வார். பிறர் அடிக்கும் மணிக்கு ஓடுகிறவர்களே இருட்டைச் சுமந்தார்கள்.

அரசாணையின் வசதியும் ஆபத்தும் இதில்தான். எல்லோரும் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்புங்கள் என்று நேரடியாகக் கேட்டிருந்தால் ஒவ்வொரு அலுவலகமும் பாடசாலையும் தொழிற்சங்கமும் ஏன் என்று கேட்டிருக்கும். கடிகாரத்தைத் திருப்பினால் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. இதைப் பொய் என்று சொல்ல முடியாது, அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். ஆனாலும் சம்மதம் கேட்கும் சிரமத்திலிருந்து அரசைத் தப்பவைக்கும் வழி அது. வேலை நேரத்தை மட்டும் மாற்றுவது நடக்காத காரியமும் அல்ல. நாட்டின் கடிகாரத்தைத் தொடாமலே, அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்கள் இந்திய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திய ‘பாகான் நேர’த்தில் இயங்கிவருகின்றன. அதையும் தொழிலாளர் தீர்மானிக்கவில்லை, துரைமார்தான் தீர்மானித்தார்கள் என்பது வேறு விடயம்.

கடிகாரத்தை முன்தள்ளுவது நல்லதே என்போரின் மிகப் பலமான வாதம் பிரித்தானியாவில் இருக்கிறது. 1968 முதல் 1971 வரை அங்கே ஆண்டு முழுவதும் கோடை நேரத்தையே வைத்துப் பார்த்தார்கள். காலை விபத்துகள் கூடின. மாலை விபத்துகள் அதைவிட அதிகமாகக் குறைந்தன. 1967இல் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவோரைச் சோதிக்கும் சட்டம் வந்திருந்ததால் எந்தக் குறைவு எதனால் என்பதில் சர்ச்சை இருந்தது. இருந்தும் மொத்தத்தில் உயிர்கள் மிஞ்சின என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. ஆனால் வட ஸ்கொட்லாந்தின் சில இடங்களில் நடுக்குளிரில் பத்து மணியளவில்தான் பொழுது விடிந்தது. இருட்டில் பாடசாலைக்கு நடந்த பிள்ளைகளைப் பற்றிய அச்சமே நாடு முழுக்கப் பேச்சாயிற்று. 1970 டிசம்பரில் நாடாளுமன்றம் 366க்கு 81 என்ற வாக்கில் பரிசோதனையைக் கைவிட்டது.

சரியா அது? காலை இருட்டில் அடிபட்ட பிள்ளைக்குப் பெயர் உண்டு, பெற்றோர் உண்டு. மாலை வெளிச்சத்தால் பிழைத்தவருக்குத் தான் பிழைத்ததே தெரியாது. தெரியாத உயிர் என்பதற்காக அதற்கு மதிப்புக் குறைந்துவிடாது. எண்ணிக்கையைத் தள்ளிவிட்டுக் கண்ணீரை மட்டும் பார்த்துச் சட்டம் செய்தால் அதிகம் பேர் சாவார்கள், அவ்வளவுதான். அதே வேளை, மொத்தக் கணக்கில் லாபம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகவும் முடியாது. தெற்கில் கிடைத்த லாபத்துக்கு வடக்கிலிருந்த பிள்ளைகள் விலை கொடுத்தார்கள் என்றால், லாபம் பெற்றவர்கள் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். பாடசாலையைப் பிந்தித் தொடங்குவது, வண்டி அனுப்புவது, வீதி விளக்குப் போடுவது என்று அந்தக் கடனைத் தீர்க்க வழிகள் உண்டு. தீர்க்காதவரை அந்த லாபக் கணக்கு பாதிக் கணக்கு.

இலங்கைக்குத் திரும்பினால், 1996ஐ இன்னோர் அளவுகோலாலும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1942இலும் இங்கே கடிகாரத்தைத் திருப்பினார்கள், ஜனவரியில் அரை மணித்தியாலம், செப்டெம்பரில் இன்னோர் அரை. காரணம் போர். போர் முடிந்ததும் 1945 ஒக்டோபரில் பழையபடி வைத்தார்கள். நெருக்கடியின் பெயரால் கேட்கும் பாரத்தை நெருக்கடி முடிந்ததும் இறக்கிவைப்பது குறைந்தபட்ச நேர்மை. 1996இன் மிச்சம் அப்படி இறக்கப்படவில்லை. அதை வைத்திருக்க வேண்டிய காரணம் மறைந்தபின்னும், எடுப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவேயில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்தபின் அரச கட்டுப்பாட்டின் எல்லையான ஓமந்தையைத் தாண்டி வடக்கே அப்பகுதிகளுக்குப் போனவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே பிள்ளைகளுக்கு விடியல் மிஞ்சியது உண்மை. ஆனால் அந்த மறுப்பும் மக்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல.

2006இல் ஐந்தரைக்குத் திரும்பியது சரியான முடிவு என்றே படுகிறது. ஆனால் அதுவும் இலவசமாக வரவில்லை. பிள்ளைகளுக்குக் காலை திரும்பியபோது மாலையில் அரை மணித்தியாலம் குறைந்தது. கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலை விட்டு வாடகை அறைகளுக்கு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து போகும் பெண்களுக்கு அந்த அரை மணித்தியாலம் சின்ன விடயமல்ல. அவர்களது பாதைக்கு விளக்கும், வேலை முடியும் நேரத்துக்குப் பேருந்தும் நேரத்தை மாற்றிய அதே ஆணையின் பகுதியாக வந்திருக்க வேண்டும்.